சக மாணவரிடம் கட்டுரையைக் காட்டலாமா? எழுத்து மையச் சேவை பற்றி

கல்லூரி எழுத்து மையம் என்பது மாணவர்கள் தங்கள் கட்டுரை வரைவைக் கொண்டுபோய், பயிற்றுநராக இருக்கும் சக மாணவரோடு உட்கார்ந்து பேசும் இடம். அங்கே கிடைக்கும் உதவியை இலவசப் பிழைதிருத்தம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். எழுதக் கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கல்லூரிக்குள் கிடைப்பது அரிது.

ஓர் அமர்வு பெரும்பாலும் 30 முதல் 50 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் நல்ல பயிற்றுநர் கட்டுரைக்குள் போகவே மாட்டார். ஆசிரியர் என்ன கேட்டிருக்கிறார், எப்போது கொடுக்க வேண்டும், எந்த இடம் உறுத்துகிறது என்று விசாரிப்பார். பிறகு எழுதியவரே வாய்விட்டுப் படிக்க வேண்டும். இந்தச் சேவையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. கண்ணால் படிக்கும்போது விட்டுப்போனதை மனம் நிரப்பிக்கொண்டே போகும். வாய்விட்டுப் படித்தால் சிக்கலான இடத்தில் நாக்கு தானாக நின்றுவிடும்.

ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: “விடுதி மாணவர்கள் இரவு நெடுநேரம் கைப்பேசி பார்ப்பதால் தூக்கம் குறைந்து படிப்பு பாதிக்கப்படுகிறார்கள்.” தாளில் பார்த்தால் குறை தெரியாது. “பாதிக்கப்படுவது யார், படிப்பா, மாணவர்களா?” என்று பயிற்றுநர் கேட்டால் போதும். எழுவாயும் பயனிலையும் ஆளுக்கொரு பக்கம் நிற்பது எழுதியவருக்கே பிடிபடும். “தூக்கம் குறைகிறது, படிப்பும் கெடுகிறது” என்று அவரே பிரித்து எழுதுவார். பயிற்றுநர் திருத்திக் கொடுத்திருந்தால் அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் சரியாகியிருக்கும்.

எதை முதலில் பார்ப்பது என்பதும் முக்கியம். சொல்ல வந்த கருத்து, அதற்கான சான்று, பத்திகளின் வரிசை, அப்புறம் வாக்கியம், கடைசியில்தான் சந்திப்பிழை. புதிய பயிற்றுநர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் ஒற்றுப்பிழை சட்டென்று கண்ணில் படும். பத்து நிமிடம் ஒற்றுப் போட்டுத் திருத்திய பத்தியே தேவையில்லை என்று பிறகு தெரிந்தால் அந்த நேரம் வீண்.

ஆசிரியரிடமே கேட்கலாமே என்றால், அவர் கையில் மதிப்பெண் இருக்கிறது. புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளத் தோன்றும். சக மாணவர் “இந்த இடத்தில் எனக்குக் குழம்பிவிட்டது” என்று சொன்னால் அது ஒரு வாசகரின் நேர்மையான சாட்சி. 1970களில் நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் இந்த முறையை வளர்த்த கென்னத் புரூஃபியும் இப்படிப்பட்ட உரையாடலைத்தான் நம்பினார். அவரிடம் பயிற்சி பெற்ற மாணவர்கள் தாங்களும் கட்டுரை எழுதி, ஒருவர் எழுத்தை ஒருவர் விமர்சித்துப் பழகினார்கள். பயிற்றுநரின் எழுத்தும் இதில் வளர்கிறது. அந்தப் பயன் கண்டிப்பாகக் கணக்கில் சேர வேண்டும்.

குறைகளும் உண்டு. நண்பர் மனம் நோகக் கூடாதென்று பாராட்டியே அனுப்பிவிடும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஆய்வக அறிக்கையில் சோதனையில் கிடைத்த முடிவுகளும் அவற்றைப் பற்றிய விவாதமும் பொதுவாகத் தனித்தனியாக இருக்கும் என்பது தெரியாத பயிற்றுநர், இரண்டையும் கலக்கச் சொல்லிவிடலாம். கேள்வி கேட்டே விடையை வரவழைக்கும் முறை, இரண்டாம் மொழியில் எழுதுகிறவர்களிடம் பல நேரம் பலிக்காது. பிழை அவர்கள் காதுக்குப் பிழையாகவே கேட்காதபோது எத்தனை முறை படித்தாலும் பயனில்லை. அங்கே விதியை நேராகச் சொல்லி, இரண்டு எடுத்துக்காட்டு காட்டிவிடுவதே சரி. “சொல்லித் தரக் கூடாது” என்று பிடிவாதம் பிடிக்கும் மையங்கள் இந்த மாணவர்களுக்கு அநியாயம் செய்கின்றன.

போவதென்றால், சமர்ப்பிக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போதே போங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் போனால் ஒற்றுப்பிழைக்குத்தான் நேரம் இருக்கும். ஆசிரியர் கொடுத்த கேள்வியும் வரைவும் கையில் இருக்கட்டும். நீளமான கட்டுரையில் உறுத்தும் இரண்டு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். அமர்வு முடியும்போது அடுத்து செய்யப்போவதை உங்கள் கையாலேயே குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் பேனா பயிற்றுநர் கைக்குப் போனால் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள்.