கிறிஸ்துமஸ் வாரத்தில் தெர்மே எர்டிங்: புதுத்துணி இல்லாத பண்டிகை

ஜெர்மனியில் மியூனிக் பக்கத்தில் இருக்கிற தெர்மே எர்டிங் என்ற வெந்நீர்க் குளியலகத்தைப் பற்றிச் சொன்னாலே, "அங்கே துணியில்லாமலா இருக்கணும்?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள், அதற்குப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆமாம், சானா என்கிற சூட்டறைகள் இருக்கும் பகுதியில் துணி கூடாது, நீச்சலுடைகூட. ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில்தான். 16 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. இதற்கு மனசு ஒப்பாதவர்களுக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் நீச்சலுடையோடு போகும் குளங்களும் சறுக்குகளும் அதே வளாகத்தில் தனியாக இருக்கின்றன. அதைப் பற்றி எழுதப் பத்துப் பேர் இருக்கிறார்கள், நான் எழுதுவது அந்தப் பக்கத்தைப் பற்றி இல்லை.

மியூனிக்கிலிருந்து எஸ்2 ரயில் பிடித்து ஆல்டன்எர்டிங்கில் இறங்கினால் பக்கம்தான். 1983இல் டெக்சாகோ கம்பெனி எண்ணெய் கிடைக்குமா என்று தோண்டியதில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து சுடச்சுடக் கந்தக நீர் வந்தது. எண்ணெய்க்காரர்களுக்கு ஏமாற்றம், ஊருக்கு அதிர்ஷ்டம். 1999இல் குளியலகம் திறந்தார்கள், இப்போது உலகிலேயே பெரிய தெர்மே என்று விளம்பரப்படுத்துகிறார்கள்.

சரி, கிறிஸ்துமஸுக்கும் இதற்கும் என்ன? ஜெர்மனியில் எஃப்.கே.கே. என்று ஒரு கூட்டம் உண்டு, துணியில்லாமல் வெயிலும் தண்ணீரும் என்று வாழ்கிறவர்கள். முதல் சங்கம் 1898இல் எசன் நகரில் தொடங்கியதாகச் சொல்வார்கள். இவர்களின் தேசியச் சங்கம் 1949இல் அமைந்தது, நாட்டின் ஒலிம்பிக் விளையாட்டுக் கூட்டமைப்பிலேயே உறுப்பினர், அவ்வளவு சாதாரணமான விஷயம். கோடையில் மியூனிக்கின் இங்லிஷர் கார்டன் பூங்காப் புல்வெளியிலும் ஈசார் ஆற்றங்கரையிலும் கிடக்கிறவர்கள் டிசம்பரில் என்ன செய்வார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். மைனஸ் டிகிரியில் ஏரிக்குப் போக முடியாதே. சில சங்கங்கள் வாரத்தில் ஒரு மாலை ஊர் நீச்சல்குளத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றன, மற்றபடி சானாதான் அவர்களுக்குக் குளிர்காலத் திண்ணை. 24ஆம் தேதி மதியத்தோடு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விடும், 25, 26 இரண்டு நாளும் அரசு விடுமுறை, வாத்தும் உருளைக்கிழங்கு உருண்டையும் தின்று தீர்த்த பிறகு புத்தாண்டு வரைக்கும் யாருக்கும் ஒரு வேலையும் இருக்காது. அந்த இடைவெளியில்தான் கூட்டம் இங்கே வந்து சேர்கிறது. எஃப்.கே.கே. ஆட்கள் மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டியிலிருந்து பல்கலைக்கழகப் பிள்ளைகள் வரைக்கும்.

உள்ளே போன கொஞ்ச நேரத்துக்கு நம்மவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டேதான் நடப்போம். அப்புறம் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பது புரிந்ததும், கண் தானாகக் கீழே இறங்கி, எந்த அறையில் எத்தனை டிகிரி என்ற பலகையைப் படிக்க ஆரம்பித்துவிடும். என்னோடு வந்த நண்பனுக்கு ஒரே கவலை. "டேய், ஆபீஸ் ஆளுங்க யாராவது எதிர்ல வந்தா என்னடா பண்றது?" வந்தால் ஹலோ சொல்லிவிட்டுப் போவார்கள், திங்கட்கிழமை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். இது இங்கே எழுதாத சட்டம்.

பண்டிகை என்று நான் சொல்வது அவுஃப்குஸ்ஸை, அதாவது சானாவின் சூடான கல் மேல் வாசனைத் தண்ணீரை ஊற்றி ஆவி கிளப்பும் சடங்கை. குறிப்பிட்ட நேரத்தில் சானா மாஸ்டர் வாளியோடு வருவார், அதற்கு முன்பே இடம் பிடிக்க வரிசை கட்டிவிடுகிறார்கள். நான் உட்கார்ந்ததில் கதவைத் திறந்து பழைய காற்றை வெளியேற்றிவிட்டு, இன்றைக்கு ஆரஞ்சு, பட்டை வாசனை, கடைசிச் சுற்றுக்கு ஊசியிலை மரம் என்று அறிவித்தார், கோவிலில் பிரசாதம் என்ன என்று சொல்கிற தோரணையில். அகப்பையால் கல் மேல் தண்ணீரை ஊற்றியதும் சீறிக்கொண்டு ஆவி மேலே போய், ஒரு நொடி ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்து, பிறகு கழுத்திலும் காது நுனியிலும் வந்து விழும் பாருங்கள், அதற்குத்தான் காசு. அவர் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றி வரிசை வரிசையாகக் காற்றை அடித்துவிட, மேல்படியில் சிவப்புக் கம்பளித் தொப்பி மட்டும் போட்ட ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். மூன்று சுற்று முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அப்படியே வெளியே ஓடி, பனியை அள்ளிக் கையிலும் தோளிலும் தேய்த்துக்கொண்டு, உடம்பிலிருந்து புகை கிளம்ப நின்று "இனிய பண்டிகை" சொல்லிக்கொள்கிறார்கள். பரிசு கிடையாது, பாட்டு கிடையாது. நமக்குத் தீபாவளி என்றால் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் புதுத்துணி, இவர்கள் குளியலோடு நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அங்கே வந்திருந்த மற்ற விருந்தினர்கள் மேல். காலையிலேயே சாய்வு நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காணாமல் போகிறார்கள். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கர்சீப் போட்டவர்களுக்கு இதில் குறை சொல்ல அருகதை இல்லைதான், ஆனாலும் சுடச்சுட வெளியே வந்து படுக்க இடம் தேடி அலையும்போது கோபம் வரத்தான் செய்கிறது.

போகிறவர்களுக்கு: பெரிய துண்டு இரண்டு, ஒரு குளியல் அங்கி, ரப்பர் செருப்பு. மரப்பலகையில் ஒரு சொட்டு வியர்வை விழக்கூடாது, பாதத்துக்கு அடியிலும் துண்டு இருக்க வேண்டும், இதில் தவறினால் பக்கத்துப் பாட்டியே திட்டிவிடுவார். சாப்பிடப் போகும்போது அங்கியை மாட்டிக்கொள்ளுங்கள். முதல் தடவை மேல்படிக்கு ஏறாதீர்கள், சூடு அங்கேதான் அதிகம். பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே போகவும். கிறிஸ்துமஸ் சந்தையில் சூடான ஒயின் குடித்துவிட்டு நேராக இங்கே வருவது கூடவே கூடாது. டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் பவேரியாவின் ஜனவரி 6 விடுமுறை முடியட்டும் என்று காத்திருந்து, ஒரு வேலைநாள் சாயங்காலமாகப் பார்த்துப் போகலாம். திரும்பும்போது தலையை நன்றாக உலர்த்திவிட்டுக் குல்லாயைப் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் காற்று வெளுத்து வாங்கும்.