தடாமி ரயில்: ஒரு வண்டியை விட்டால் அரை நாள் போச்சு

ஜப்பானில் ஒரு கிராமத்து ரயிலில் போகணும், எது நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் தடாமி லைனைத்தான் சொல்வேன். கூடவே இன்னொன்றும் சொல்வேன்: ஹோட்டல், சாப்பாடு, கேமரா எல்லாம் அப்புறம், முதலில் நேர அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஃபுகுஷிமா மாகாணத்து ஐசு-வகமத்சுவிலிருந்து நீகாத்தா மாகாணத்து கொய்தே வரை 135.2 கிலோமீட்டர், 36 ஸ்டேஷன். இதில் நடுவே இருக்கும் மலைப் பகுதியைக் கடக்கிற வண்டி ஒரு திசைக்கு நாளொன்றுக்கு மூன்றுதான். வகமத்சுவிலிருந்து கிளம்புவதாக இருந்தால் விடிகாலை ஆறு மணி வாக்கில் ஒன்று, மதியம் ஒரு மணி வாக்கில் ஒன்று, சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஒன்று. சாயங்கால வண்டியை மறந்துவிடுங்கள். அது வீடு திரும்புகிறவர்களுக்கான வண்டி. பாதி வழிக்குமேல் ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும்.

நாங்கள் இருப்பது டோக்கியோவுக்குப் பக்கத்து ஓமியாவில். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு டோக்கியோவின் கூட்டம் அலுத்துவிட்டது. "ஏண்டி, இந்த ஊர்ல ஆளே இல்லாத எடம் எதுவும் கெடையாதா?" என்று கேட்டார். முழங்கால் வலி உள்ளவர், சைவம், ஒரு மணி நேரத்துக்கு மேல் பாத்ரூம் இல்லாத இடம் ஆகாது. இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் ஜூன் மாதத்தில் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த விமர்சனமும் அப்படியொரு பயணியின் பக்கத்து சீட்டிலிருந்து எழுதியது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு தனியாகச் சுற்றுகிறவர்களுக்கு என் குறைகளில் பாதி குறையாகவே தெரியாது.

ஓமியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. போகும்போது தோஹோகு ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் கோரியமா, அங்கிருந்து பான்-எத்சு மேற்கு லைனில் வகமத்சு. திரும்பும்போது கொய்தேயிலிருந்து உராசா போய் ஜோஎத்சு ஷின்கான்சென். இரண்டும் ஓமியாவில் நிற்பவை. போன வழியே திரும்பாமல் ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். காலை ஆறு மணி வண்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் முதல் நாள் இரவு வகமத்சுவில் தங்கியே ஆகவேண்டும், வேறு வழி கிடையாது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிஹா இ120 என்ற டீசல் பெட்டி. 2020 வரை இங்கே ஓடிய பழைய கிஹா 40 வண்டிகளுக்காக ஏங்குகிற ரயில் பிரியர்கள் நிறையப் பேர். அம்மாவின் முழங்காலைக் கேட்டால் புதுசுக்குத்தான் ஓட்டு. ஒரு பக்கம் நாலு பேர் எதிரெதிரே உட்காரும் சீட்டு, மறுபக்கம் இரண்டு பேருக்கான எதிரெதிர் சீட்டு. அந்த இரண்டு பேர் சீட்டுதான் தாயும் மகளும் போக அளவெடுத்துச் செய்தது மாதிரி. டாய்லெட் சக்கர நாற்காலி நுழையும் அளவுக்குப் பெரியது, மேற்கத்திய பாணி, சுத்தம். அம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தபின்தான் முகத்தில் தெளிவு வந்தது.

எந்தப் பக்கம் உட்காருவது என்று பலரும் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். தடாமி ஆற்றை ரயில் எட்டு முறை கடக்கிறது. பாலத்துக்குப் பாலம் ஆறு பக்கம் மாறிக்கொண்டே வரும். வகமத்சுவிலிருந்து முதல் முக்கால் மணி நேரம் வெறும் வயல்தான். அது முடிந்து வண்டி முனகிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கியதும் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

நாங்கள் ஐசு-மியாஷிதாவில் இறங்கினோம். மிஷிமா என்ற சின்ன ஊரின் ஸ்டேஷன் அது. இங்கே இறங்குவதற்கு ஒரே காரணம் முதலாம் தடாமி ஆற்றுப் பாலம். இரும்பு வளைவுப் பாலம், கீழே அணை கட்டி நிறுத்திய தண்ணீர் அசையாமல் கிடக்கும். போஸ்டர்களில் நீங்கள் பார்க்கும் படம் இதுதான். ஆனால் ரயிலுக்குள் இருந்தால் அந்தப் படம் கிடைக்காது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ரயிலை விட்டு இறங்கி, சாலையோர ஓய்வகம் ஒன்றுக்குப் போய், அதன் பக்கத்திலிருந்து ஏறும் பாதையில் போய், அடுத்த வண்டி பாலத்தில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஓய்வகத்துக்கு அம்மாவை நடக்கவைக்க முடியாது. முந்தின நாளே டாக்ஸிக்குச் சொல்லி வைத்திருந்தேன். சொல்லாமல் வந்து ஸ்டேஷன் வாசலில் கைகாட்டி நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே கைகாட்ட எதுவும் வராது.

பார்வை மேடைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மலையில் ஏறுகின்றன. படிகள் உண்டு, கைப்பிடி உண்டு, ஆனால் மழை பெய்திருந்தால் வழுக்கும். அம்மா கீழ் மேடையோடு போதும் என்றுவிட்டார். நான் இன்னும் கொஞ்சம் ஏறினேன். மேலே போகப் போக பாலத்தின் முழு வளைவும் தண்ணீரில் விழும் நிழலும் சேர்ந்து தெரிகிறது என்பது உண்மைதான். கீழிருந்தும் பாலம் நன்றாகவே தெரியும், முழங்கால்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். ஜூன், ஜூலை காலைகளில் ஆற்றின் மேல் மூடுபனி படரும். நாங்கள் போன காலையில் பாதிப் பாலத்தை மூடிக்கொண்டு கிடந்தது. முக்காலி வைத்து நின்ற பெரியவர்கள் யாரும் பேசவில்லை. பச்சைக் கோடு போட்ட இரண்டு பெட்டிகள் இந்தப் பக்கம் மரத்துக்குள்ளிருந்து வந்து அந்தப் பக்கம் மரத்துக்குள் போய்விட்டன. அவ்வளவுதான். "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று அம்மா கேட்டார். கேட்டுவிட்டு, அடுத்தது எப்போ வரும் என்றும் கேட்டார்.

அடுத்தது வரும்வரை என்ன செய்வது என்பதுதான் இந்த லைனின் பெரிய சிக்கல். மியாஷிதாவுக்கு அப்பால் உள்ள ஐசு-கவகுச்சி வரை மட்டும் ஓடும் வண்டிகள் இன்னும் சில உண்டு, அதைத் தாண்டிப் போக நினைத்தால் காலை வண்டிக்குப் பிறகு மதிய வண்டிதான். இந்த ஊர்களில் கடைகள் குறைவு. போன் வரைபடம் திறந்திருப்பதாகக் காட்டிய ஒரு காபிக் கடை பூட்டிக் கிடந்தது. கதவில் ஒரு சீட்டுகூட இல்லை. டாக்ஸிக்காரர்தான் எங்களைக் கைவினைக் கூடத்தில் கொண்டுபோய் விட்டார். மலைக்கொடிகளையும் புல்லையும் வைத்துக் கூடை பின்னுவது மிஷிமாவின் குளிர்காலத் தொழில், பனியில் வெளியே போக முடியாத மாதங்களில் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்வது. காட்டுத் திராட்சைக் கொடிப் பட்டையில் பின்னிய கைப்பை பல பத்தாயிரம் யென். அம்மா விலைச் சீட்டைப் பார்த்து அதை மெதுவாகத் திரும்ப வைத்தார். அவர் விடாமல் பார்த்தது மதாதபி கொடியில் பின்னிய வட்டக் கூடையை. அரிசி களைவதற்கானது. விரல் நுனியால் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார், ஒரு சிலும்பு கிடையாது. பின்னலின் இடைவெளி தண்ணீர் போகும், அரிசி போகாது. கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம முறம் பின்றவங்க கையும் இப்படித்தான் இருக்கும்" என்றார். மியாஷிதாவில் இறங்கினால் பாலத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், இதையும் பாருங்கள்.

டிக்கெட் விஷயம். டோக்கியோவில் கார்டைத் தட்டியே பழகியவர்கள் இங்கே காகித டிக்கெட் வாங்கிவிடுவது நல்லது. காரணம், ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) விதிப்படி 100 கிலோமீட்டரைத் தாண்டும் சாதாரண டிக்கெட்டில் நடுவில் இறங்கி, பிறகு அதே டிக்கெட்டில் தொடர்ந்து போகலாம். பெருநகர வட்டாரங்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. 200 கிலோமீட்டர் வரைக்கும் இரண்டு நாள் செல்லும். வகமத்சு-கொய்தே இந்தக் கணக்குக்குள் கச்சிதமாக வந்துவிடுகிறது. மியாஷிதாவில் இறங்கியதற்கு எங்களுக்குத் தனிக் காசு ஆகவில்லை.

ஜப்பானின் மற்ற கிராமத்து லைன்களுக்கும் போவீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன்: ஓட்டுநர் மட்டும் இருக்கும் வண்டிகளில், ஆளில்லாத ஸ்டேஷனில் ஏறும்போது கதவருகே உள்ள பெட்டியிலிருந்து எண் போட்ட சின்னச் சீட்டை உருவிக்கொள்ள வேண்டும். முன்னால் உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது சீட்டோடு சரியான சில்லறையை ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் போடணும். அந்தப் பெட்டி மீதி தராது. சில்லறை மாற்றும் துளை தனியாக இருக்கும், ஆனால் பத்தாயிரம் யென் நோட்டை நீட்டினால் கதை கந்தல். வண்டி நிற்கும்போதே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கதவும் தானாகத் திறக்காது, பட்டனை அழுத்தணும்.

ஜேஆரின் சாதாரண வண்டிகளில் இஷ்டம்போல ஏறி இறங்கும் செய்ஷுன் 18 டிக்கெட்டைப் பற்றி மாணவர்கள் கேட்பார்கள். வயது வரம்பு கிடையாது, யாரும் வாங்கலாம். 2024 குளிர்காலத்திலிருந்து விதி மாறிவிட்டது. மூன்று நாளுக்கு 10,000 யென், ஐந்து நாளுக்கு 12,050 யென், தொடர்ந்து வரும் நாட்களாக இருக்கணும், ஒரே ஆள்தான் பயன்படுத்தலாம். முன்னே மாதிரி நண்பர்கள் பங்குபோட முடியாது. ஷின்கான்சென்னுக்கும் செல்லாது. அம்மாவோடு இது சரிப்படாது என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை.

சாப்பாட்டை வகமத்சுவிலேயே கட்டிக்கொள்ளுங்கள். சைவர்களுக்கு வழியில் நம்பி உட்கார இடமில்லை. சோபா என்ற நூடுல்ஸைத் தொட்டுக்கொள்ளும் சாற்றில்கூட மீன் இருக்கும். நாங்கள் எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்தோம். இப்படி எதிரெதிர் சீட்டு உள்ள வண்டியில் சாப்பிட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை, வாசனை அதிகம் வராமல் பார்த்துக்கொண்டால் சரி.

மதிய வண்டியில் ஏறி கவகுச்சியைத் தாண்டிய பிறகுதான் இந்த லைனின் கதை தொடங்குகிறது. 2011 ஜூலை கடைசியில் பெய்த பேய்மழையில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் பாலங்களை ஆறு அடித்துக்கொண்டு போனது. கவகுச்சிக்கும் தடாமிக்கும் இடையே 27.6 கிலோமீட்டர் பதினோரு வருஷம் ரயிலில்லாமல் பஸ்ஸில் ஓடியது. பஸ்ஸே போதும் என்பதுதான் இந்த லைனை நடத்தும் கம்பெனியான ஜேஆர் கிழக்கு வைத்த யோசனை. ஊர்களும் மாகாணமும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் சுமார் 900 கோடி யென் செலவில் சரிசெய்து, 2022 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். அந்தப் பகுதியின் தண்டவாளமும் பாலங்களும் இப்போது ஃபுகுஷிமா மாகாணத்தின் சொத்து. ஜேஆர் கிழக்கு வண்டியை மட்டும் ஓட்டுகிறது. புதிய பாலத்தின் இரும்பு மற்றப் பாலங்களைவிடப் பளிச்சென்று இருப்பதைப் போகிற போக்கிலேயே பார்க்கலாம். வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து எங்கள் வண்டிக்குக் கையசைத்தார். அம்மா எழுந்து நின்றே பதிலுக்கு அசைத்தார்.

இவ்வளவு பணத்தைக் கொட்டும் அளவுக்குப் பயணிகள் இருக்கிறார்களா என்றால், எண்ணிக்கையில் இல்லை. ஆனால் தடாமிக்கும் நீகாத்தா பக்கத்துக்கும் இடையே மலைமேல் போகும் 252-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை குளிர்காலம் முழுக்கப் பனியால் மூடப்படுகிறது. அந்த மாதங்களில் மலைக்கு அடியில் இருக்கும் 6,359 மீட்டர் ரோகுஜூரிகோயே ரயில் சுரங்கம்தான் நேர் வழி. தடாமியை விட்டால் அடுத்த ஸ்டேஷன் ஓஷிரகவா 20.8 கிலோமீட்டர் தள்ளி. நடுவில் இருந்த தகோகுரா ஸ்டேஷனை 2013-இல் மூடிவிட்டார்கள். ஏறக்குறைய அரை மணி நேரம் எங்கும் நிற்காத ஒரு உள்ளூர் வண்டியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அம்மா இந்த அரை மணியைத் தூங்கியே கழித்தார், சுரங்கத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்பதால் நானும் எழுப்பவில்லை.

இலையுதிர் காலத்தில் வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு பெட்டி வண்டியில் நாலரை மணி நேரம் நின்றுகொண்டு வரத் தயாராக வாருங்கள். வண்ண இலைகளுக்காகக் கூட்டம் அள்ளும். நவம்பரில் மதிய வண்டி கொய்தேயை நெருங்கும்போது இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஜூனில் கடைசி வரை வெளிச்சம் இருந்தது, சீட்டும் இருந்தது.

கொய்தேயில் இறங்கி ஜோஎத்சு லைன் வண்டிக்கு மாறினால் இரண்டாவது ஸ்டேஷன் உராசா. எல்லா ஷின்கான்சென்னும் அங்கே நிற்பதில்லை, அதையும் அட்டவணையில் பார்த்து வையுங்கள். காத்திருக்கும் நேரத்தில் வெளியே வந்தால் முன்னாள் பிரதமர் தனாகா ககுவேயின் சிலை நிற்கும். நீகாத்தா தொகுதிக்காரர். இவ்வளவு சின்ன ஊருக்கு ஷின்கான்சென் ஸ்டேஷன் எப்படி வந்தது என்று அம்மா கேட்டதற்குச் சிலையைக் காட்டினேன். "சரி சரி, புரியுது" என்றார்.

குளிர்காலத்தில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் இருக்காது, அழகு அதுதான். ஆனால் பனி மிஞ்சினால் தடாமிக்கும் ஓஷிரகவாவுக்கும் இடையே வண்டியையே நிறுத்திவிடுவார்கள், பக்கத்துச் சாலையும் மூடியிருக்கும். அப்போது வந்த வழியே வகமத்சுவுக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே குளிர்காலத்தில் போவதென்றால் கொய்தே பக்கத்து ஷின்கான்சென் டிக்கெட்டை முன்கூட்டி வாங்காதீர்கள். கிளம்பும் அன்று காலை ஜேஆர் கிழக்கின் இயக்கத் தகவலைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.