சோப்பு கலக்க மிக்ஸியா, ஹேண்ட் பிளெண்டரா?

மிக்ஸி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, தனிச்செலவு இல்லை. எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் நொடிகளில் கலந்துவிடும். சிக்கலே அந்த வேகம்தான். மூடிய ஜாருக்குள் பதம் தெரியாது. மூடி வழியே ஒரு சொட்டு தெறித்தாலும் தோல் வெந்துவிடும். பிளேடுக்கு அடியில் கரைசல் தங்கிவிடும், அப்புறம் அந்த ஜாரில் சட்னி அரைக்கவே கூடாது.

நான் சொல்வது ஹேண்ட் பிளெண்டர்தான். 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 87 கிராம் காஸ்டிக் சோடா, 190 கிராம் தண்ணீர். எல்லாமே தராசில் நிறுத்துதான். சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். அந்தக் கரைசலை எண்ணெயில் ஊற்றி, பிளெண்டரின் தலையைச் சாய்த்து இறக்கினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். சில நொடி ஓட்டுங்கள், நிறுத்துங்கள், அதைக் கொண்டே மெதுவாகக் கிளறுங்கள். பிளெண்டரைத் தூக்கும்போது வழியும் கலவையின் கோடு மேலே அழியாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. உடனே அச்சில் ஊற்றிவிடலாம்.

வாங்கும்போது தண்டு ஸ்டீல்தானா என்று பாருங்கள். அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா அரித்துவிடும். இந்த பிளெண்டரையும் சோப்புக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். எதில் கலக்கினாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். வெட்டிய கட்டிகளை 4 வாரமாவது காயவிடுங்கள்.