வீட்டுப் பூச்சிக்குப் பெயர் தேட ஐநேச்சுரலிஸ்ட்: எவ்வளவு தூரம் நம்பலாம்?

குளியலறைச் சுவரில் சிறகை இதய வடிவில் விரித்து ஒட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் நிறக் குட்டிப் பூச்சியைப் படம் எடுத்துப் போட்டால், ஐநேச்சுரலிஸ்ட் செயலி நொடியில் 'குளோக்மியா அல்பிபங்டேட்டா' என்கிறது. சிறகு ஓரத்து வெள்ளைப் புள்ளிகள் படத்தில் விழுந்திருந்தால் அந்தப் பதில் சரிதான். சாக்கடைக் குழாயின் உள்சுவரில் படியும் வழுவழுப்பில் வளரும் ஈ அது. அரிசி டப்பாவில் ஊரும் வண்டைக் காட்டினாலும் செயலி அதே உறுதியோடு 'சைட்டோஃபிலஸ் ஒரைசே' என்கிறது. அந்தப் பதிலைப் படத்தை மட்டும் பார்த்து எந்த நிபுணராலும் ஊர்ஜிதம் செய்ய முடியாது. வீட்டுப் பூச்சிகளுக்கு இந்தச் செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

ஐநேச்சுரலிஸ்ட் 2008-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதுகலை மாணவர்களின் திட்டமாகத் தொடங்கியது, 2023 முதல் தனித்த லாபநோக்கற்ற அமைப்பாக இயங்குகிறது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை. படத்தை ஏற்றியதும் முதலில் கணினி சில பெயர்களைப் பரிந்துரைக்கும். பிறகு பூச்சி தெரிந்த மனிதர்கள் வந்து பார்த்துத் திருத்துவார்கள். குறைந்தது இரண்டு பேர் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே சிற்றினத்தில் ஒத்துப்போனால் பதிவு 'ரிசர்ச் கிரேடு' ஆகிறது. இந்த இரண்டாவது கட்டம்தான் செயலியின் உயிர். அதைக் கெடுப்பது, யாரோ ஒருவர் பெயர் சொன்னதும் படம் போட்டவர் யோசிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திவிடுவது. அடையாளம் எதனால் என்று உங்களுக்கே தெரிந்தால் மட்டும் அழுத்துங்கள்.

சரியான பதில் வராததற்குப் பாதிக் காரணம் படம். ஃபோனை அருகே கொண்டுபோனால் ஃபோகஸ் ஆகாது என்பதால் பலர் தனியாக மேக்ரோ லென்ஸ் வாங்குகிறார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கிளிப் லென்ஸ் போதும். பத்து மடங்கு என்று விற்கும் லென்ஸுக்குப் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் இடையே சுமார் 2.5 செ.மீ. இடைவெளி வேண்டும். அதற்குமேல் பெருக்கும் லென்ஸ் இன்னும் நெருங்கச் சொல்லும், பூச்சி பறந்துவிடும், நிழலும் விழும். மலிவு விலை ஃபோன்களில் தனியாக இருக்கும் 2 மெகாபிக்ஸல் மேக்ரோ கேமராவை நம்ப வேண்டாம். முதன்மைக் கேமராவில் 10-15 செ.மீ. தள்ளி எடுத்து வெட்டிக்கொண்டால் அதைவிட நன்றாக வரும்.

கிளிப் லென்ஸில் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு. கண் தெளிந்தால் வயிறு மங்கும். திரையைத் தொட்டுத் தொட்டு ஃபோகஸ் தேடுவதைவிட, ஃபோகஸைப் பூட்டிவிட்டு முழங்கையைத் தரையிலோ மேசையிலோ ஊன்றி, ஃபோனை நூலளவு முன்னும் பின்னும் நகர்த்தியபடி இருபது படம் தொடர்ச்சியாக எடுங்கள். இரண்டு மூன்று தேறும். ஃப்ளாஷ் வேண்டாம். லென்ஸின் நிழல் பூச்சி மேலேயே விழும், வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு பளிச்சிடும். ஜன்னல் வெளிச்சம், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாள் வைத்தால் அதுவே போதும். வெள்ளைத் தட்டில் கறுப்புப் பூச்சியை வைத்தால் கேமரா தட்டுக்கு அளவெடுத்துப் பூச்சியைக் கருநிழலாக்கிவிடும். கேமரா அமைப்பில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது பழுப்பு அட்டையில் வையுங்கள். மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாளின் மேல் வைத்தால் அளவும் கூடவே கிடைத்துவிடும்.

ஓடிக்கொண்டே இருக்கும் பூச்சியை ஒளி ஊடுருவும் டப்பாவில் பிடித்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்தால் சற்று நேரம் அசையாமல் இருக்கும். ஃப்ரீஸரில் வைத்தால் செத்துவிடும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் டப்பாவைத் திறந்ததும் பூச்சி மேல் ஈரம் கோத்து மயிர்களை மறைத்துவிடும் என்பதால், உள்ளே ஒரு டிஷ்யூ தாள் போட்டு மூடி வையுங்கள்.

எந்தக் கோணத்தில் எடுக்கிறோம் என்பதில்தான் பெயரே இருக்கிறது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று. வண்ணத்துப்பூச்சிக்குச் சிறகின் மேற்புறமும் அடிப்புறமும் வேண்டும். தேனீயா, தேனீ வேடமிட்ட ஈயா என்று பார்க்க, சிறகு இரண்டா நான்கா என்றும் உணர்கொம்பு குட்டையா நீளமா என்றும் தெரிய வேண்டும். மாமரத்து முசுறு எறும்பைப் போலவே திரியும் குதிக்கும் சிலந்தி ஒன்று உண்டு. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரி தூக்கிக்கொண்டு நடக்கும். மேலிருந்து மட்டும் எடுத்த படத்தில் செயலி எறும்பென்றே சொல்லக்கூடும். முகத்தை நேராக எடுத்தால், முன்னால் பெரிய வட்டக் கண்கள் இரண்டு தெரிந்து குட்டு உடைந்துவிடும். இப்படி ஒரே பூச்சியின் படங்களை எல்லாம் ஒரே பதிவில் சேர்க்க வேண்டும். தனித்தனியாகப் போட்டால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது.

இரவில் விளக்கடிக்கு வரும், ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை போட்ட, எறும்பு போல நீண்ட பூச்சியை மட்டும் கையால் தொட வேண்டாம். நீளம் ஒரு செ.மீ.க்குள். நீலப்பச்சை மேல்சிறகு குட்டையாக நடு உடம்போடு நின்றுவிடும். பீடரஸ் பேரினத்து வண்டு இது. கடிக்காது, கொட்டாது. ஆனால் தோலில் வைத்து நசுக்கினால் உடலிலுள்ள பீடரின் என்ற நச்சு கசிந்து, ஓரிரு நாளில் கொப்புளம் கிளம்பும். மேலே ஏறினால் ஊதி விரட்டிவிட்டு, தள்ளி நின்று எடுங்கள்.

இனி, செயலி எங்கே சறுக்குகிறது. முதலில் சொன்ன அரிசி வண்டையும் அதன் உறவான மக்காச்சோள வண்டையும் பிரிக்க, உள்ளுறுப்பை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் மூக்கு நீளம், இரண்டுக்கும் முதுகில் நான்கு மங்கலான புள்ளி. சுவரில் பூசணி விதை மாதிரி தட்டையான கூட்டை இழுத்துக்கொண்டு ஊரும் புழுவுக்கு 'ஃபெரியீக்கா' என்ற பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் இளம் புழு, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாகவும் இருக்கலாம், காமன் மார்மனாகவும் இருக்கலாம். இலை போட்டு வளர்த்து, சிறகு விரிந்ததும் எடுத்தால் சந்தேகமே இல்லை: பின்சிறகில் வால் இருந்தால் மார்மன், இல்லாவிட்டால் எலுமிச்சை. பரிந்துரைப் பட்டியலில் முதலில் வரும் சிற்றினப் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்காமல், ஒரு படி மேலே பேரினத்தையோ குடும்பத்தையோ தேர்ந்தெடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழை ஒழியும்.

வண்ணத்துப்பூச்சி, தும்பி என்றால் பார்த்துச் சொல்ல ஆள் நிறைய. சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு மாதக்கணக்கில் யாரும் வராமலும் போகலாம். அது செயலியின் குறை இல்லை. தெரிந்தவர்களே குறைவு.

பெயர் மட்டும் உடனே போதும், கணக்குத் தொடங்க வேண்டாம், குழந்தைகள் கையில் கொடுக்கலாம் என்றால், இதே அமைப்பின் 'சீக்' செயலி நல்லது. நிச்சயமில்லாவிட்டால் சீக் குடும்பம், பேரினம் என்ற அளவில் நின்றுகொள்ளும். மனிதர்கள் யாரும் சரிபார்க்க வரமாட்டார்கள். கூகுள் லென்ஸ் பார்வைக்கு ஒத்த படங்களைத்தான் தேடித் தருகிறது. நம்மூர்ப் பூச்சிக்கு அமெரிக்கப் பெயர் வந்து நிற்பது அதனால்தான். ஐநேச்சுரலிஸ்டிலும் இடத்தைக் குறிக்காமல் விட்டால் இதே சிக்கல் வரும். ஆகவே முதலில் இடத்தைக் கொடுங்கள், பிறகு பரிந்துரையைப் பாருங்கள்.

இடம் என்றதும் ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குள் எடுத்த படம் உங்கள் வீட்டு வாசலையே வரைபடத்தில் காட்டிவிடும். பதிவேற்றும்போது இட அமைப்பை 'மறைத்தல்' என்று மாற்றுங்கள். புள்ளி 0.2 டிகிரி சதுரத்துக்குள், அதாவது பக்கத்துக்கு ஏறத்தாழ 22 கி.மீ. கொண்ட பரப்புக்குள், எங்கோ ஓரிடத்தில் தெரியும். உறவினர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படமாக இருந்தால் எடுத்த தேதியும் இடமும் அழிந்திருக்கும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், இரண்டும் அப்படியே வரும்.