52,000 டாலர் கொடுத்து ஏமாந்தேன், பழைய மசில் கார் தேடுகிறவர்கள் ஒரு நிமிஷம் படியுங்கள்

மூன்று ராத்திரியாகத் தூக்கம் இல்லை. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. 52,000 டாலர்.

1986இல் டெட்ராய்ட்டில் எம்.எஸ். படித்தபோது 1,700 டாலருக்கு ஒரு 1970 ஷெவல் வாங்கி ஓட்டினேன். ஷெவர்லே கம்பெனி வண்டி; மசில் கார் என்றால் பெரிய இன்ஜின் போட்ட வேகமான அமெரிக்க வண்டி. அப்போது அந்த வண்டிகளை யாரும் சீந்த மாட்டார்கள். பெட்ரோல் குடிக்கும், மிச்சிகன் சாலை உப்பில் அடித்தகடு ஓட்டையாகியிருக்கும். மூத்தவள் பிறந்ததும், இரண்டு கதவு வண்டியில் குழந்தை சீட்டை வைத்து எடுக்க முடியவில்லை என்று விற்றுவிட்டோம். அதன் பிறகு மினிவேன், கேம்ரி, மறுபடி மினிவேன். ஆகஸ்ட் வந்தால் வுட்வர்ட் அவென்யூ ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ட்ரீம் க்ரூஸ் என்கிற பழைய கார் ஊர்வலத்தில் போகிற வண்டிகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன். போன வருஷம் ஓய்வு பெற்றேன். "எத்தனை வருஷம் வேடிக்கையே பார்ப்பீங்க, ஒண்ணு வாங்கிடுங்களேன்" என்று சொன்னதே என் மனைவிதான். இப்போது அவளும் சரியாகப் பேசுவதில்லை.

இணையத்தில் ஒரு விளம்பரம். பழைய கார்களைக் கமிஷனுக்கு விற்கிற கடை, தெற்கே வேறு மாநிலம். 1970 ஷெவல் எஸ்எஸ் 396 (ஷெவலில் வேகத்துக்கென்றே செய்த வகை), நீல நிறம், வெள்ளைக் கோடுகள், "நம்பர்ஸ் மேட்சிங்". அதாவது தொழிற்சாலையில் இந்த வண்டிக்கென்று பொருத்திய அதே இன்ஜின் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். (396 என்ற பெயரே 1970இல் பாதிப் பொய், இன்ஜின் அளவு உண்மையில் 402 கன அங்குலம். அந்தப் பொய்யை மன்னிக்கலாம்.)

போன் செய்தேன். எடுத்தவன் விலையே பேசவில்லை. "உங்கள் பழைய வண்டி என்ன கலர்?" என்று கேட்டான். நீலம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்படியானால் இது உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது" என்றான். தன் அண்ணனும் ஒன்று வைத்திருந்ததாகச் சொன்னான், அண்ணன் இறந்ததைச் சொன்னான், குரல் தழுதழுத்தது. அப்புறம் ஒரு வீடியோ அனுப்பினான். குளிர்ந்த இன்ஜின் உறுமி எழும்புகிற அந்தச் சத்தத்தைச் சமையலறையில் நின்று நாலு தடவை கேட்டேன். கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். யாரையாவது அனுப்பி வண்டியைச் சோதித்துக்கொள்ளலாமா என்றதற்கு, "தாராளமாக. ஆனால் சனிக்கிழமை இன்னொருவர் பணத்தோடு வருகிறார்" என்றான். வெள்ளிக்கிழமை காலை பேங்க் திறந்ததும் 52,000 டாலரை வயர் செய்தேன். பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் 31 வருஷம் இன்ஜினியராக இருந்தவன் நான். அளந்து பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட ஒப்புக்கொண்டதில்லை.

வண்டி வந்தது. பழைய ஷெவர்லேக்களிலேயே ஊறிய ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மேலே தூக்கியதும் பின் ஆக்சில் மூடியைக் காட்டி, போல்ட்டுகளை எண்ணச் சொன்னார். பத்து. எஸ்எஸ் வண்டியில் பன்னிரண்டு இருக்க வேண்டும். இன்ஜினில் வண்டியின் எண்ணைக் குத்தியிருக்கும் இடத்தில் விளக்கடித்தார். தொழிற்சாலையில் கடைந்தபோது விழுகிற நேர்கோடுகள் ஒன்றுகூட இல்லை, வழவழவென்று தேய்த்துவிட்டுப் புதிதாக எண் குத்தியிருக்கிறார்கள். கடைசியாக பிளாக்கின் பின்பக்கம் வார்ப்புத் தேதி. வண்டி கட்டப்பட்டது 1970 பிப்ரவரி. இன்ஜின் வார்க்கப்பட்டது 1971 அக்டோபர்! வண்டிக்கு இருபது மாதமானபோது பிறந்த இன்ஜின், அதோடு கூடப் பிறந்ததாம். ஷெவலிலேயே சாதா வகையான மாலிபுவுக்கு எஸ்எஸ் வேஷம் போட்டு விற்றிருக்கிறார்கள். கதவுக்குக் கீழே காந்தம் வைத்தார், ஒட்டவில்லை. தகடு இருக்க வேண்டிய இடத்தில் பூச்சு.

அன்றைக்கே போன் செய்தேன். "அப்படியா, விசாரிக்கிறேன்" என்றான். மறுநாள் வரவேற்பில் இருந்த பெண், அவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றாள். மறுநாளும் சாப்பாடு. அதற்கடுத்த நாள், வேறு வாடிக்கையாளரோடு இருக்கிறாராம். ஐந்தாம் நாள் நாலு வரி மின்னஞ்சல்: ஒப்பந்தத்தில் "உள்ளது உள்ளபடி" என்று இருக்கிறது, நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். எடுத்துப் பார்த்தேன். விளம்பரத்தில் "நம்பர்ஸ் மேட்சிங்" என்று இருந்தது ஒப்பந்தத்தில் "நம்பர்ஸ் மேட்சிங் என நம்பப்படுகிறது" ஆகியிருக்கிறது. யார் நம்பினார்கள்? நான்தான் நம்பினேன்! விளம்பரத்தையும் எடுத்துவிட்டான், நான் படம்பிடித்து வைக்கவில்லை. அண்ணன் செத்தது உண்மையா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை.

வக்கீலிடம் கேட்டேன். மிச்சிகனில் சிறு வழக்கு மன்றத்தின் வரம்பே 7,000 டாலர்தான். பெரிய வழக்கென்றால் அவன் மாநிலத்துக்குப் போய் நடத்த வேண்டியிருக்கும், செலவுக்கு இன்னொரு ஷெவல் வாங்கலாம் என்றார். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இந்தப் போலிக்கு இப்போது பாதி விலை கிடைத்தால் அதிகம் என்கிறார் மெக்கானிக். 52,000 டாலர், ஓய்வுக்குச் சேர்த்த பணம்.

வாங்குகிறவர்களுக்கு விவரமாக யோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இவ்வளவாவது சொல்கிறேன். ஷெவலில் 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 என்றால் வண்டி எண் 138இல் தொடங்கும். 1970இல் எட்டு சிலிண்டர் மாலிபுவுக்கும் எஸ்எஸ்ஸுக்கும் ஒரே 136தான், அதனால் வண்டி எண்ணைக் காட்டி நிரூபிக்கிறேன் என்பவனை நம்பாதீர்கள். வண்டியில் என்னென்ன போட்டார்கள் என்று எழுதியிருக்கும் தொழிற்சாலைச் சீட்டைக் கேளுங்கள், அதையும் போலியாக அடிக்கிறார்களாம். அடிப்பக்கப் படம் கேளுங்கள், ஆக்சில் போல்ட்டை எண்ணுங்கள். விளம்பரத்தை முதல் நாளே படம்பிடித்து வையுங்கள். சனிக்கிழமை ஒருவர் பணத்தோடு வருகிறார் என்றால், வரட்டும் என்று விடுங்கள்.

மணி ஒன்பதாகப் போகிறது, அந்தக் கடை திறந்திருக்கும். மறுபடி கூப்பிடப் போகிறேன்.