பிடுங்குவதா, ரூட் கேனலா? குமரி மாவட்டத்தில் ஒரு கடைவாய்ப் பல்லின் கணக்கு

கடைவாய்ப் பல் ராத்திரி முழுக்க விண்விண்ணென்று தெறித்தால், விடிந்ததும் பெரும்பாலான வீடுகளில் ஓடும் கணக்கு ஒன்றுதான். பிடுங்கினால் ஒரே நாளில் வேலை முடியும், செலவும் கொஞ்சம். பல்லுக்குள் இருக்கும் நரம்புக் கூழை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கேனல் என்றால் மூன்று நான்கு தடவை அலைய வேண்டும், ஆயிரக்கணக்கில் ஆகும். இந்தக் கணக்கில் பிடுங்குவதற்கு முதல் நாள் செலவு மட்டும் வருகிறது, ரூட் கேனலுக்கோ முழுச் செலவும் வந்துவிடுகிறது. நியாயமாகப் பார்த்தால் ரூட் கேனலும், அதன் பிறகு பல்லின் மேல் மாட்டும் உறையான கேப்பும் ஒரு தட்டில் இருக்க வேண்டும். பிடுங்குவதும், அந்த இடத்தில் பிறகு கட்டப்போகும் பல்லும் மறு தட்டில். இப்படி நிறுத்தினால் பல முறை தராசு மறுபக்கம் சாயும்.

அதற்காக எல்லாப் பல்லையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்றும் இல்லை. ஈறுக்கு மேலே நல்ல பல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கேப் வரைக்கும் போய் வேலையை முடிக்க உங்களால் முடியுமா என்ற இரண்டையும் வைத்து முடிவெடுங்கள். வலி எவ்வளவு கடுமை என்பதை வைத்து எடுக்காதீர்கள். ஊசி போட்டுக் கூழை எடுத்த அன்றே வலியில் பெரும்பங்கு அடங்கிவிடும்.

முதலில், இரண்டுமே தேவைதானா?

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கூசி, சில நொடிகளில் அடங்கினால் உள்ளே இருக்கும் கூழ் இன்னும் தேறக்கூடிய நிலையில் இருக்கிறது. சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும். கூச்சம் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கிறது, ஒன்றும் படாமலே வலி கிளம்புகிறது, படுத்தால் கூடுகிறது என்றால் அடைப்பால் தீராது. படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த அழுத்தம் ஏறுவதால்தான் இந்த வலி ராத்திரியைத் தேர்ந்தெடுக்கிறது. சூடான சாயா பட்டால் துடிக்கிறது, பச்சைத் தண்ணீரை வாயில் வைத்திருந்தால் ஆறுகிறது என்ற கட்டம் வந்தால் கூழ் அழுகத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வலி தானாக நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று பலரும் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். நரம்பு செத்ததால் வலி நின்றிருக்கிறது. கிருமி வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சில மாதம் கழித்து ஈறில் சிறு கொப்புளம் வந்து, சீழ் வடிந்து, மறைந்து, மறுபடி வரும்.

இடையில் மூன்றாவது வழி ஒன்றும் ஓடுகிறது: மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும். மாத்திரை ரத்தம் வழியாகத்தான் போகும். செத்த கூழுக்கு ரத்த ஓட்டம் இல்லை. ஆகவே பல்லுக்குள் இருக்கும் கிருமியை அது தொடாது, வெளியே பரவியதை மட்டும் சற்று அடக்கும். காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுப்பார்கள். சிகிச்சைக்குப் பதிலாக அல்ல. மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மது கூடாது. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டுக் குழிக்குள் வைத்தால் சில மணி நேரம் தாங்கும், ஈறில் பட்டால் எரிக்கும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒடுக்கி வைத்தால் தோல் வெந்து வெளுத்துப் போகும், பல்லுக்கு ஒன்றும் நடக்காது. வீங்கிய கன்னத்தில் சூடு ஒத்தடம் வேண்டாம்.

தாடைக்கு அடியில் கட்டியாக வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் ஒப்பீடெல்லாம் பிறகு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கோ அப்போதே போய்விட வேண்டும்.

ரூட் கேனல்: நாற்காலியில் நடப்பது

முதலில் சிறிய எக்ஸ்ரே. பிறகு மரத்துப்போக ஊசி. பெரும்பாலும் 2 சதவீத லிக்னோகெய்னும் அட்ரினலினும் சேர்ந்தது. அட்ரினலினால் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம். இதய நோய் இருந்தால் ஊசிக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மேல் பல்லுக்கு அந்தப் பல்லின் பக்கத்திலேயே போடுவார்கள். கீழ்க் கடைவாய்க்குத் தாடையின் பின்கோடியில் நரம்பு நுழையும் இடத்தில் போட வேண்டும். உதடும் நாக்கில் பாதியும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும்.

“ஊசி போட்டும் வலித்தது” என்ற புகார் பெரும்பாலும் இந்தக் கீழ்க் கடைவாய்ப் பல்லில்தான் வரும். கூழ் கடுமையாக வீங்கியிருந்தால் ஒரே ஊசிக்கு அடங்காது. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் இன்னொன்று, தேவைப்பட்டால் கூழுக்குள்ளேயே ஒன்று போடுவார்கள். கடைசியில் சொன்னது சில நொடி சுளீரென்று இருக்கும், அதோடு முடிந்தது. வலித்தால் கையைத் தூக்குங்கள், பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை.

பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டுகிறார்களா என்று கவனியுங்கள். எச்சில் உள்ளே போகாமலும், மருந்தும் ஊசி போன்ற ஃபைலும் தொண்டைக்குள் விழாமலும் அது காக்கும். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று நோயாளியே பார்க்கக்கூடிய அடையாளம் இது ஒன்றுதான்.

அடுத்து பல்லின் மேற்புறத்தைத் துளைத்து, கூழை எடுத்து, வேருக்குள் ஓடும் கால்வாய்களைத் தேடுவார்கள். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒன்று. கீழ்க் கடைவாய்க்கு மூன்று, சிலருக்கு நான்கு. மேல்தாடையின் முதல் கடைவாய்க்கு வேர் மூன்று என்றாலும் கால்வாய் பலருக்கும் நான்கு. அந்த நான்காவதைத் தவறவிடுவது பின்னால் மறுபடி சீழ் வர ஒரு முக்கியக் காரணம். நீளம் அளக்கும் கருவியை உதட்டில் மாட்டி, வேர் நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் முன்னால் வரை ஃபைல்களால் சுரண்டுவார்கள். சுரண்டுவதை விடக் கழுவுவதுதான் கிருமியைக் கொல்லும்: சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது வீட்டில் வெளுக்கப் பயன்படும் அதே வேதிப்பொருள். நாசியில் பிளீச்சிங் வாசனை வந்தால் பயப்படாதீர்கள். அது தொண்டைக்குள் ஒழுகினாலோ, ஈறு திடீரென்று எரிந்தாலோ உடனே சைகை காட்ட வேண்டும்.

வளைந்த கால்வாயில் ஃபைல் நுனி உடைந்து நின்றுவிடுவதும் உண்டு. கைதேர்ந்தவர்களுக்கும் நடக்கும். அந்த இடம் வரை சுத்தமாகியிருந்தால் பல் பிழைக்கவும் செய்யும். ஆனால் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

கடைசியாகக் கால்வாயை நிரப்பும் கட்டா பெர்ச்சாவும் மரப்பால்தான். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் வடிக்கும் ரப்பர் பாலும் அதுவும் வேதியியலில் ஒரே ஐசோப்ரீன் சங்கிலி. கண்ணிகள் திரும்பியிருக்கும் விதம் மாறுவதால் ஒன்று இழுபடுகிறது, மற்றது விறைத்து நிற்கிறது. பல்லுக்குள் போகும் குச்சியில் பெரும்பங்கு துத்தநாக ஆக்சைடு என்பது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்த பிறகு கடித்தால் மந்தமான வலி இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரம் இருக்கும். பாராசிட்டமாலும், வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்களுக்கு ஐபுப்ரோஃபனும் போதும். நாளுக்கு நாள் கூடினாலோ வீங்கினாலோ திரும்பப் போக வேண்டும். கேப் வரும்வரை அந்தப் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு, அண்டிப்பருப்பு, நண்டு ஓடு, வெற்றிலைப் பாக்கு எதுவும் கூடாது. பயறு கஞ்சியும் நன்றாக வெந்த மரச்சீனியும் போகலாம்.

கேப் போடாத ரூட் கேனல்

நரம்பு எடுத்த பல் காய்ந்து போவதால் உடைகிறது என்பார்கள். காரணம் வேறு: சொத்தையும் துளையும் சேர்ந்து மேல்புறத்தைத் தின்றுவிட்டன. கூரை போன மண்சுவர் போலப் பக்கச் சுவர்கள் தனித்தனியாக நிற்கின்றன. வலி நின்ற பிறகு கேப்புக்கு வராமல் இருப்பவர்களின் பல் ஆறு மாதத்திலோ இரண்டு வருடத்திலோ நெடுக்காக வேர்வரை பிளக்கலாம். அப்படிப் பிளந்த பல்லுக்குப் பிடுங்குவது தவிர வழி இல்லை. ரூட் கேனலுக்குக் கொடுத்த பணமும் போயிற்று. கேப் போடப் பணம் ஒதுக்க முடியாது என்று முன்பே தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உலோகக் கேப் மலிவு, உறுதியும் குறையாது. பின்கோடிப் பல்லில் யாரும் பார்க்கப்போவதில்லை. வெள்ளை வேண்டுமானால் உலோகத்தின் மேல் பீங்கான், அதற்கு மேல் விலையில் சிர்கோனியா. முன்பல்லில் சொத்தை சிறிதாக இருந்தால் கேப் இல்லாமல் அடைப்போடும் சமாளிக்கலாம்.

பிடுங்கினால்

சாதாரணப் பல் என்றால் ஊசியோடு சேர்த்து அரை மணி நேரம். பஞ்சை 30 முதல் 45 நிமிடம் அழுத்திக் கடிக்க வேண்டும். அன்று முழுக்கத் துப்பக் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, பீடி சிகரெட் கூடாது. குழியில் உறைந்த ரத்தக் கட்டிதான் எலும்புக்கு மூடி. அது கழன்றால் மூன்றாம் நாள் வாக்கில் காது வரை இழுக்கும் வலி வரும். புகைப்பவர்களுக்கும் கீழ்க் கடைவாய்க்கும் இது அதிகம். அந்த வலிக்கு முன்னால் பழைய பல்வலி தேவலை என்று தோன்றும்.

உண்மையான விலை பிறகுதான் தெரியும். பல் போன இடத்தில் எலும்பு முதல் வருடத்திலேயே அகலத்தில் ஏறக்குறைய பாதி வரை குறையக்கூடும். பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் பள்ளத்தைத் தேடி இறங்கும். இடைவெளியை நிரப்ப மூன்று வழி. கழற்றி மாட்டும் செட் மலிவு, ஆனால் ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்கு அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் டப்பாவில்தான் வைத்திருப்பார்கள். பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்து ஒட்டும் பிரிட்ஜ் ஓரிரு வாரத்தில் வந்துவிடும், ஆனால் இரண்டு பக்கத்துப் பல்லையும் சுற்றிலும் சீவ வேண்டும். அவை நல்ல பற்கள் என்றால் ஒன்றுக்காக இரண்டைக் கெடுக்கிறோம். ஏற்கெனவே பெரிய அடைப்போடு இருந்தால் பிரிட்ஜ் சரியான தேர்வு. எலும்பில் டைட்டானியம் திருகாணியைப் பதித்து அதன் மேல் பல் வைக்கும் இம்பிளாண்ட் பக்கத்துப் பல்லைத் தொடாது. டைட்டானியம் எலும்போடு ஒட்ட மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். செலவு பத்தாயிரங்களில். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடுதல். நன்றாகச் செய்த இம்பிளாண்டும், நன்றாகச் செய்து கேப் போட்ட ரூட் கேனலும் உழைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. சொந்தப் பல் பக்கம் நாங்கள் சாய்வதற்குக் காரணம், அது கெட்டாலும் இம்பிளாண்ட் வழி அப்போதும் திறந்தே இருக்கும் என்பதுதான்.

பிடுங்குவதே சரி என்று சொல்லும் இடங்களும் உண்டு. ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் பல்கூட மிச்சமில்லை, வேர் பிளந்திருக்கிறது, ஈறு நோயால் பல் ஆடுகிறது, கோணலாக முளைத்த ஞானப்பல், எதிர்ப்பல் இல்லாத கடைசிப் பல். இவற்றில் ரூட் கேனல் செய்யச் சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

தலைகீழான இடமும் ஒன்று உண்டு. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்தில் வாய், தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள், எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுக்கோ சோலெட்ரோனிக் அமில ஊசி போட்டவர்கள் சட்டென்று பல்லைப் பிடுங்கக் கூடாது. புண் ஆறாமல் தாடை எலும்பு செத்துப்போகும் ஆபத்து உண்டு. இவர்களுக்கு முடிந்தவரை ரூட் கேனல். பிடுங்கியே ஆக வேண்டுமானால் அந்தக் கதிர்வீச்சையோ ஊசியையோ கொடுத்த மருத்துவரைக் கேட்ட பிறகு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது.

ஒரே தடவையா, மூன்று தடவையா

சீழ் வடியாத பல்லுக்கு ஒரே அமர்வில் முடிப்பதும், நடுவில் கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற மருந்தை வைத்து ஒரு வாரம் கழித்து நிரப்புவதும் பலனில் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே தடவையில் முடித்தால் முதல் வாரம் வலி சற்றுக் கூடலாம். சீழ் நிற்காத பல்லை அவசரமாக அடைக்கக் கூடாது.

நம் மாவட்டத்தில் இதைத் தீர்மானிப்பது பல நேரம் நாட்காட்டி. தற்காலிக அடைப்பு இரண்டு மூன்று வாரம் தாங்கும். அதற்கு மேல் கசியும், கிருமி திரும்ப இறங்கும். தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிறவர்களும், ஒரு மாத லீவில் வளைகுடாவிலிருந்து வருகிறவர்களும் பாதி வேலையோடு கிளம்பக் கூடாது. கால்வாயை நிரப்பி நிரந்தர அடைப்பாவது போட்டுக்கொண்டு, முடிந்தால் கேப்பும் முடித்துவிட்டே போக வேண்டும். மேற்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இந்த 61 நாளில் ரூட் கேனலும் கேப்பும் நிதானமாக முடியும். இம்பிளாண்ட் முடியாது, திருகாணியை மட்டும் வைத்துவிட்டுப் போகலாம்.

எங்கே செய்வது

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் தனியார் கிளினிக்குகளில் நேரம் மிச்சம். சிக்கலான கடைவாய்க்கு, பழைய ரூட் கேனல் கெட்டுப்போனதற்கு, வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்தவர் எந்த நாளில் வருவார் என்று கேட்டு அந்த நாளில் போங்கள். குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் கட்டணம் குறைவாக இருக்கும், மாணவர்கள் செய்வதை ஆசிரியர் படிப்படியாகச் சரிபார்ப்பார், அதனால் ஒரு பல்லுக்குப் பல நடை ஆகும். பஸ் காசையும் போகும் நாள்கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அரசு மருத்துவமனைகளில் பிடுங்குவது எளிதில் நடக்கும். கடைவாய் ரூட் கேனலும் கேப்பும் செய்வார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கே போனாலும் சொல்லும் தொகையில் கேப், அதற்கு முன் போடும் அடைப்பு, எக்ஸ்ரே எல்லாம் அடக்கமா என்று முதல் நாளே கேளுங்கள். நிரப்பி முடித்த எக்ஸ்ரேயின் நகலை வாங்கி வையுங்கள். ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் எடுக்கும் படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் வேர் நுனியில் கிருமி அரித்த இடத்தைக் காட்டும் கறுப்பு நிழல் சுருங்குகிறதா என்று தெரியும். சுருங்காமல் பெரிதானால் மறுபடி ரூட் கேனல், அதுவும் சரிவராவிட்டால் ஈறைத் திறந்து வேர் நுனியை வெட்டி அடைக்கும் சிறு அறுவை. அதற்குப் பிறகே பிடுங்குவது.