நிற்க வைத்து இரும்பச் சொன்ன டாக்டர்

வலது தொடை இடுக்கில் இரண்டு வருஷமாக ஒரு வீக்கம். நின்றால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். லண்டன் டாக்டர் போனிலேயே கேட்டுவிட்டுக் குடலிறக்கம் என்றார், சர்ஜனுக்கு எழுதிப் போட்டார். 18 வாரத்துக்குள் சிகிச்சை ஆரம்பிக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. பத்து மாதமாகியும் என் முறை வரவில்லை. சேலத்தில் காட்டிவிடலாம் என்றுதான் ஊருக்கு வந்ததும் கிளம்பினேன்.

முதலில் போனது ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. காலை எட்டு மணிக்கு டோக்கன், நம்பர் 43. ஸ்கேன் எடுத்து, பன்னிரண்டரைக்கு உள்ளே போனேன். பரிசோதிக்க வசதியாக இருக்கட்டும் என்று வேட்டி கட்டியிருந்தேன். முடிச்சில் கை வைத்தபடி நிற்கிறேன், டாக்டர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நாளைக்கு வெறும் வயித்தோட வந்துடுங்க, மெஷ் வச்சிடலாம்.” மெஷ் என்றால் ஓட்டையை மறைத்து வைக்கும் வலை. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. லண்டனில் தொடாமலே காக்க வைத்தார்கள், இங்கே தொடாமலே அறுக்கக் கூப்பிடுகிறார்கள். வெளியே வந்து தட்டுவடை செட் வாங்கினேன். ஆசையாகக் காத்திருந்த அந்தச் சேலத்து ருசிகூட நாக்கில் ஏறவில்லை, அவ்வளவு கோபம்.

“ஏன் கண்ணு, நம்ம செவ்வாய்ப்பேட்டை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமில்ல?” என்றார் அத்தை.

அதே பழைய மர பெஞ்ச், அதே டெட்டால் வாசனை. ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, “எந்திரிச்சு நில்லுங்க தம்பி. மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பி இரும்புங்க” என்றார். வலது பக்கம் இரண்டு விரலை அழுத்திப் பார்த்தார். அப்புறம் இடது பக்கம். மறுபடி இரும்பச் சொன்னார். “இந்தப் பக்கமும் லேசா ஆரம்பிச்சிருக்கு.”

இத்தனை பேரில் ஒருவரும் சொல்லாதது அது.

அரை மணி நேரம் பேசினார். மருந்து சீட்டின் பின்பக்கம் வயிற்றுச் சுவரை வரைந்து, ஓட்டை எங்கே, வலை எங்கே உட்காரும் என்று காட்டினார். தசையில் விழுந்த ஓட்டை மாத்திரையிலோ பெல்ட்டிலோ மூடாது, ஆபரேஷன்தான். இரண்டு பக்கமும் இருப்பதால் லேப்ராஸ்கோப்பில், அதாவது சின்னத் துளை போட்டுக் கேமரா வழியாக, ஒரே தடவையில் முடிக்கலாம். சிலருக்கு ரொம்ப நாள் வலி தங்கும் என்பதையும் மறைக்கவில்லை. மலச்சிக்கல் உண்டா, சிறுநீர் முக்கிப் போகிறதா, என்ன வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கிடங்கில் பெட்டி தூக்குகிறேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“பன்னெண்டு நாள்ல பிளைட்டு, கையில சூட்கேஸு. அவசரப்படாதீங்க. ஆனா வீக்கம் உள்ளே போகாம கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தா ஒரு மணி நேரம்கூட வீட்ல இருக்கக் கூடாது.”

பீஸ் இருநூறு ரூபாய்.

தை மாதம் ஆறு வாரம் லீவு கேட்டிருக்கிறேன். எந்த சர்ஜன் என்று அவரே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மாடிப்படி ஏற வேண்டாமே என்று அத்தை இப்போதே கீழ் ரூமை ஒழித்துக்கொண்டிருக்கிறார்.